பேய் விழுந்தால் தீபாவளி இல்லை

அடுத்தவர்களைப் பயமுறுத்துவதற்கென்றே ஒரு தொழில் இருக்கிறது. அதில் பயம் முழுவதும் ஏணி மேல் நிற்கிறவனுக்குத்தான்.

துபாய்க்கு வெளியே, மணலுக்கு நடுவில் மதில் கட்டி எழுப்பிய ஒரு வில்லாக் குடியிருப்பு. பேருக்குத்தான் குடியிருப்பு, உண்மையில் அது ஒரு சின்ன ஊர். பேக்கரி, சலூன், பூக்கடை, மருந்துக்கடை, பள்ளிவாசல் எல்லாம் மதிலுக்கு உள்ளேயே. அக்டோபர் வந்தால் அங்கே வீட்டு வாசலிலும் கடை வாசலிலும் பேய், எலும்புக்கூடு, சிலந்தி, பூசணிக்காய் என்று வைத்து ஹாலோவீன் கொண்டாடுவார்கள். மாதக் கடைசி நாள் சாயங்காலம் பிள்ளைகள் வேஷம் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் போய் மிட்டாய் கேட்பார்கள். அந்தப் பேய்களைக் கொண்டுபோய்க் கட்டுவதும், முடிந்ததும் அவிழ்ப்பதும் எங்கள் டெக்கரேஷன் கம்பெனியின் வேலை. சோனாப்பூர் தொழிலாளர் கேம்பில் சாயங்காலம் பஸ் ஏறினால் விடிந்த பிறகுதான் ரூமுக்குத் திரும்புவோம்.

நைட் டியூட்டிக்காரர்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை. ரூமே எழுந்து பல் தேய்க்கும்போது போர்வையை இழுத்து மூடிக்கொள்வது எப்படி என்று உங்களுக்கும் தெரியும். படுத்திருப்போம், அவ்வளவுதான், தூக்கம் வேறு யாருடைய ரூமிலோ இருக்கும். பண்டிகையும் நமக்கு அப்படியே, போர்வைக்கு வெளியே நடந்து முடிந்துவிடும். எண்ணெய் காயும் வாசனை வரும், யாரோ சிரிப்பார்கள், எழுந்து போய்ப் பார்த்தால் பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்திருப்பார்கள். வளைகுடாவுக்கு வந்த நாளிலிருந்து ஒரு தீபாவளியைக்கூட நான் விழித்திருந்து பார்த்ததில்லை. அந்த வருஷம் பார்த்தே தீருவது என்று முடிவு செய்தேன். அந்த வருஷமாகப் பார்த்துத்தான் தீபாவளியும் ஹாலோவீனும் ஒரே நாளில் வந்து தொலைத்தன.

பல் தேய்க்கும் இடத்தில் ஒப்பந்தம்

எங்கள் ஃபோர்மேன் பாபு சேட்டன், பாலக்காட்டுக்காரர். நல்ல மனிதர், ஆனால் லீவு என்ற சொல் மட்டும் அவர் காதில் ஏறாது. "தீபாவளிக்கு லீவு வேணும் சேட்டா" என்றேன். "அன்னைக்கு ஹாலோவீன் அல்லவா" என்றார். "அன்னைக்குத் தீபாவளியும்தான் சேட்டா" என்றேன். உண்மையில் கடைசி நாளில் கட்டுகிற வேலை எதுவும் கிடையாது. எங்காவது ஏதாவது விழுந்தால், விளக்கு அணைந்தால், ஓடிப்போய்ச் சரி செய்ய ஒரு ஆள் தயாராக இருக்க வேண்டும். விழாமல் அணையாமல் கட்டிவிட்டால் ஓடுகிற வேலையே இல்லையே என்பது என் வாதம். இதை பஸ்ஸில் சொன்னேன், மெஸ்ஸில் சொன்னேன், அவர் பல் தேய்க்கும்போது பக்கத்துக் குழாயில் நின்றும் சொன்னேன்.

மனிதர் இறங்கி வந்தார். அந்த வில்லா ஊர் முழுக்க என் பொறுப்பு. கடைசி நாளில் அங்கிருந்து ஒரு கம்ப்ளெயிண்டும் வரவில்லை என்றால் நான் ரூமில் இருக்கலாம். வந்தால் வேறு ஆளை அனுப்ப மாட்டார், நானேதான் போக வேண்டும். வாயிலிருந்த நுரையைத் துப்பிவிட்டுச் சட்டத்தைப் படித்தார்:

"பேய் நின்னா நீ படுக்கலாம். பேய் விழுந்தா நீ எழுந்து போணும், கேட்டோ? கலாஸ், பேச்சு முடிஞ்சு."

எலும்புக்கூட்டுக்கு சீட்

ஆளுயர எலும்புக்கூடுகளைப் பிக்கப் வண்டியில் அடுக்கித்தான் எப்போதும் கொண்டுபோவோம். போய்ச் சேர்வதற்குள் ஒன்றுக்கு விரல் போயிருக்கும், ஒன்றுக்குத் தாடை தொங்கும். விரல் போனால் கம்ப்ளெயிண்ட், கம்ப்ளெயிண்ட் வந்தால் என் தீபாவளி போச்சு. அதனால் அவற்றை நாங்கள் போகும் பஸ்ஸிலேயே ஏற்றி, ஆளுக்கு ஒரு சீட்டில் உட்காரவைத்து பெல்ட்டும் போட்டுவிட்டேன்.

பஸ்ஸே கொந்தளித்தது. "வெள்ளிக்கிழமையும் அதுவுமா பொணத்தோட போகச் சொல்றீங்களா?" என்று பின்னாலிருந்து ஒருவர் கத்தினார். எனக்கு ஏணி பிடிக்கும் யோகன் யாழ்ப்பாணத்துப் பையன், எதற்கும் சத்தம் போட மாட்டான். அவனே, "நான் நிண்டுகொண்டே வாறன் அண்ணை, எனக்குக் கால் நோகாது" என்று கம்பியைப் பிடித்துக்கொண்டான். இன்னொருவர் பக்கத்து எலும்புக்கூட்டின் முகத்தில் கைக்குட்டையைக் கட்டிவிட்டுத்தான் உட்கார்ந்தார். நான் அசையவில்லை. டிரைவர் கான் பாய் பெஷாவர்க்காரர். எல்லாவற்றையும் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே ஓட்டினார். இறங்கும்போது, எல்லாருக்கும் கேட்கும்படி இந்தியில் சொன்னார்:

"பத்து வருஷமா ஓட்டுறேன். ஏசி பத்தலைன்னு சொல்லாத பாசஞ்சரை இன்னைக்குத்தான் பார்த்தேன்."

பேக்கரி வாசலில் அரைவேக்காடு

பேக்கரி முதலாளி லெபனான்காரர். பிளாஸ்டிக் பூசணி அவருக்கு ஆகாது. நிஜப் பூசணிக்காயைக் குடைந்து, கண்ணும் பல்லும் வெட்டி, உள்ளே விளக்கு வைக்க வேண்டும். அக்டோபரில் வெயில் குறைந்துவிட்டது என்று காலண்டர்தான் சொல்லும். குடைந்த காயை வாசலில் வைத்தால் மதியத்துக்குள் பாதி வெந்துவிடும். முதலில் வைத்த காய்க்கு இரண்டாம் நாள் வாய் உள்ளே போய், மூன்றாம் நாள் நெற்றி சரிந்து, கடைசியில் ஈ மொய்த்தது. ரொட்டி வாசனையையும் மீறிக்கொண்டு அந்த வாசனை வந்தது.

"கடைசி நாள் வரைக்கும் கத்தி வைக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டேன். "முகம் இல்லாத பூசணியில நான் குழம்பா வைக்கிறது?" என்று அவர் குதித்தார். இருவரும் விட்டுக்கொடுப்பதாக இல்லை. கடைசியில், ஒயரில் சுற்றும் கறுப்பு டேப்பை எடுத்து, கண், மூக்கு, பல் எல்லாம் வெட்டி முழுக்காயின் மேல் ஒட்டினேன். வெட்டுப்படாத காய், மாதம் முடியும்வரை கிடக்கும். கடை திறக்கும் நேரத்தில் அவர் காபிக் கோப்பையோடு வெளியே வந்து அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடியும் அதைப் பார்த்தார். எனக்கு அந்த வாரம் பகல் தூக்கம் சுத்தமாகப் பிடிக்கவில்லை.

"முகம் பிரமாதம் ஹபீபி. ஆனா அது ஏன் உன்னை மாதிரியே தூக்கமில்லாம பார்க்குது?"

கைதான பேய்

அந்த ஊரிலேயே பெரிய பேய் முனை வீட்டு மேடத்துடையது. இங்கிலாந்துக்காரர். மொட்டை மாடி விளிம்பில், கறுப்பு அங்கி போட்டு, கை இரண்டையும் விரித்து நிற்க வேண்டும். கீழே தெருவில் வருகிறவர்கள் மேல் பாய்வது போல் இருக்க வேண்டும் என்றார். பாயும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மணல் காற்று ஒரு அடி அடித்தால் பேய் ஷார்ஜா போய்ச் சேரும்.

முதலில் கயிற்றால் கட்டினேன். கயிறு தெரிகிறது என்றார். கயிற்றை அவிழ்த்துவிட்டு, மீன் பிடிக்கும் தங்கூஸ் நரம்பு வாங்கி வந்து கட்டினேன். நரம்பு மெல்லியது, ஒன்றை நம்ப முடியாது, அதனால் இன்னொன்று. அது அறுந்தால் என்ன செய்வது என்று மற்றொன்று. யோகன், "கட்டினது காணும் அண்ணை, இறங்குங்கோ" என்று கீழிருந்து பல தடவை சொன்னான். எனக்குத் தீபாவளி கண் முன்னால் நின்றது, கட்டிக்கொண்டே இருந்தேன். மேடம் மாடிக்கு வந்தார். ஒரு நரம்பை விரலால் சுண்டினார். அது வீணை மாதிரி சத்தம் கொடுத்தது. நான் சிரித்தேன், அவர் சிரிக்கவில்லை.

"நான் கேட்டது பறக்கிற பேய். நீங்க அதைக் கைது பண்ணி வச்சிருக்கீங்க."

அரபிப் பெரியவரின் குறை

ஒரு நாள் விடியற்காலை, சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டு அரபிப் பெரியவர் தொழுகைக்குப் போகிறவர், என்னைப் பார்த்து நின்றார். கையால் அருகே வரச் சொன்னார். முன்னாளில் பம்பாய்க்கு வியாபாரத்துக்குப் போய் வந்தவராம், இந்தி என்னைவிட நன்றாக வந்தது. அவருக்கு எதிர் வாசலில் நான் நிறுத்திய எலும்புக்கூடு நேராக அவர் வீட்டுக் கதவைப் பார்த்து நிற்கிறது, திருப்பி வைக்க முடியுமா என்று கேட்டார்.

கையிலிருந்த கயிற்றைக் கீழே போட்டேன். தொழுகைக்குப் போகிற பெரியவர் மனம் கோணினால் விஷயம் பாபு சேட்டனோடு நிற்காது. தப்பாக நினைக்க வேண்டாம், இப்போதே எடுத்துவிடுகிறேன், வேண்டுமானால் அந்த வீட்டுக்காரரிடம் நானே பேசுகிறேன் என்று தெரிந்த இந்தியை எல்லாம் கொட்டினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு என் தோளில் கை வைத்துக் குரலைத் தாழ்த்தினார்:

"எனக்கு ஒண்ணுமில்ல மகனே. என் பூனைதான் மூணு நாளா கட்டிலுக்கு அடியில இருக்கு."

பேய்க்கும் பெருநாள்

கடைசி நாள் விடியலில் ஊர் முழுக்க ஒரு சுற்று சுற்றி, ஒவ்வொரு முடிச்சையும் இழுத்துப் பார்த்துவிட்டு வந்தேன். ரூமில் நல்லெண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது. போர்வைக்குள் போகாமல் நேராகப் போய் மனையில் உட்கார்ந்தேன். மனை என்றால் கவிழ்த்த பெயிண்ட் வாளி. தலையில் எண்ணெய் வைத்துவிட்ட கை யாருடையது என்றுகூடத் தெரியவில்லை, கண்ணைத் திறக்க முடியவில்லை. எங்கள் கேம்பில் வெந்நீர் போட வேண்டாம், மாடித் தொட்டியே போட்டுக் கொடுக்கும். புது வேட்டி, காலரில் மஞ்சள் தடவிய புதுச் சட்டை, நெற்றியில் சந்தனம். ஊருக்கு வீடியோவில் கூப்பிட்டேன். மனைவி போனை முகத்துக்கு அருகே கொண்டுவந்தாள். "பகல்ல உங்களைப் பார்த்து எவ்வளவு நாளாச்சு" என்றாள். கண் ஏன் சிவந்திருக்கிறது என்று கேட்டாள். எண்ணெய் என்றேன்.

காலையில் இட்லியும் கறிக்குழம்பும், மதியம் பிரியாணி. சீட்டு விளையாடினார்கள், நானும் கையைப் போட்டேன். தூக்கம் வந்து வந்து போனது, விடவில்லை. தூங்கினால் மறுபடியும் பண்டிகை போர்வைக்கு வெளியே போய்விடும். வெயில் தாழ்ந்து, இனி தப்பித்தோம் என்று நினைக்கும்போது போன் அடித்தது. பாபு சேட்டன். ரூம் முழுவதும் சீட்டைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தது. யோகன்தான் வாயைத் திறந்தான்:

"எடுங்கோ அண்ணை. பேய்க்கும் இண்டைக்குத்தானே பெருநாள்."

பயம் காட்டாத கேரக்டர்

யூனிஃபார்ம் வாளியில் ஊறிக்கொண்டிருந்தது, கான் பாய் வாசலில் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார். இருந்த கோலத்திலேயே ஏறினேன், யோகனும் கூட வந்தான். போய் இறங்கிய தெரு எனக்கு அடையாளமே தெரியவில்லை. அந்த விளக்குகளையும் சிலந்திகளையும் நான் ஆளில்லாத தெருவில்தான் பார்த்திருக்கிறேன். இப்போது சூனியக்காரிகளும் தேனீக்களும் ஒரு சுறாமீனும் வாளியைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக ஓடிக்கொண்டிருந்தார்கள். முனை வீட்டுப் பேய் புல்தரையில் குப்புறக் கிடந்தது. நரம்பு ஒன்றுகூட அறுந்திருக்கவில்லை, எல்லாம் வெட்டப்பட்டிருந்தது. போட்டோ எடுத்தால் பளபளவென்று தெரிகிறது என்று மேடமே கத்தரிக்கோல் போட்டிருக்கிறார். அதைச் சொல்லும்போது கத்தரிக்கோலை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார்.

கோபப்பட நேரமில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பேயைத் தோளில் போட்டு ஏறினேன். இந்தத் தடவை நரம்பைக் குறைத்து, பேயின் முதுகுப் பக்கமாகவே இழுத்துக் கட்டினேன். கட்டி முடித்துக் கையை விட்டதும் அங்கி காற்றில் விரிந்து தெருவைப் பார்த்துப் பாய்ந்தது, ஆனால் விழவில்லை. கீழே கைதட்டினார்கள். எட்டிப் பார்த்தால் அத்தனை பிள்ளைகளும் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், வேட்டி கட்டிய ஆள் ஏறுவதும் காட்சியில் சேர்ந்ததுதான் என்று நினைத்து. இறங்கியதும் பக்கத்து வீட்டுத் தமிழ்க் குடும்பத்துப் பெண்பிள்ளை முன்னால் வந்தாள். ரத்தக்காட்டேரி வேஷம். பொய்ப்பல்லைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, நான் எந்த கேரக்டர் என்று இங்கிலீஷில் கேட்டாள். "தீபாவளி" என்றேன். என்னை ஒரு முறை சுற்றி வந்தாள். எண்ணெய்த் தலை, சந்தனம், காலர் மஞ்சள், மடித்துக் கட்டிய வேட்டி, எல்லாவற்றையும் பார்த்தாள். வாளியிலிருந்து ஒரு சாக்லேட்டை எடுத்து என் கையில் வைத்துவிட்டுத் தமிழில் சொன்னாள்:

"நல்லா இருக்கு அங்கிள். ஆனா பயமாவே இல்ல."

இத்தனை வருஷத்துக்குப் பிறகு அரைத் தீபாவளி வாங்கிவிட்டேன், மீதி அரையை ஊரே வேஷம் போட்ட தெருவில் வேஷம் போடாமல் கைதட்டு வாங்கிக் கழித்ததால் அந்த நாள் லீவா டியூட்டியா என்ற வழக்கு பாபு சேட்டனுக்கும் எனக்கும் இன்றுவரை தீரவில்லை.