ஸபூராவின் வளவுக்குள் வந்த தண்ணீர்

ஸபூரா குழாய்களை அடைத்தது ஐப்பசி மழைக்கு முன்பு, நல்ல வெயில் எறித்த ஒரு காலையில். ஒளித்துச் செய்யவில்லை. முதல் நாளே ஒழுங்கையில் வீடு வீடாகப் போய்ச் சொல்லியிருந்தாள்.

"நாளைக்குக் காலமை அடைக்கப் போறன். வெள்ளனக் குளிச்சு முடியுங்கோ."

எவரும் நம்பவில்லை. சிலர் சிரித்தார்கள். ரோல்சும் பற்றிசும் சுட்டுத் தேநீர்க் கடைகளுக்குக் கொடுக்கிற பெண் ஒருத்தி, நாலு வீட்டுக் கழிவுத் தண்ணீரை நிறுத்துவாள் என்று யார் நினைப்பார்கள்?

யாழ்ப்பாண நகரில், சோனகத் தெருவுக்குப் பின்னால் போகிற ஒழுங்கையொன்றின் கடைசி வளவு, வீடு இருந்த காணி, அவளுடையது. அவளுடைய வாப்பா அபூபக்கர் தையற்காரர். தொண்ணூறாம் ஆண்டு ஆயுதமேந்திய இயக்கம் யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் எல்லோரையும் வெளியேறச் சொன்னபோது ஸபூராவுக்குப் பதினான்கு வயது. கையில் கொண்டுபோக விட்டது மிகக் கொஞ்சம். வாப்பா தையல் மெசினைத் தூக்கிப் பார்த்துவிட்டுத் திரும்பவும் இருந்த இடத்திலேயே வைத்தார்.

பிறகு புத்தளத்தில் ஓலைக்கொட்டில். அந்த நிலம் இரவல் நிலம். கிணறு எங்கே, மலக்குழி எங்கே என்று தீர்மானிக்கிற உரிமை குடியிருந்தவர்களுக்கு இல்லை. மாரியில் குழிகள் நிரம்பி வழியும். மேட்டில் இருந்தவர்களின் தண்ணீர் பள்ளத்தில் இருந்த ஸபூராவின் கொட்டிலுக்குள் வரும். வாப்பா வாசலில் மண் அணை கட்டுவார். அது கரையும். மறுபடி கட்டுவார். யாரோடும் அவர் சண்டைக்குப் போகவில்லை. "எங்கடை நிலமில்லையே மகள்" என்பார். அங்கேயே அடக்கமானார்.

போர் முடிந்த அடுத்த வருடம் ஸபூரா கணவன் முனாசோடு திரும்பி வந்தாள். வீடு இருக்கவில்லை. ஓடு, கதவு, நிலை, சுவர்க்கல், அத்திவாரக்கல் எல்லாம் போயிருந்தன. கல்லுக்குப் பிறகு மண்ணும் போயிருந்தது. கண்ணுக்குத் தெரிந்தது ஒரு பெரிய பள்ளமும் அதில் தேங்கிய தண்ணீரும் மட்டுமே. பள்ளத்தின் நடுவில் கிணறு மட்டும், கட்டோடும் சீமெந்துத் தளத்தோடும், மேடை மாதிரித் தனியாக உயர்ந்து நின்றது. சுற்று மதில்களில் ஓட்டை போட்டு நாலு வீட்டுக் குழாய்கள் பள்ளத்தைப் பார்த்து நீட்டிக்கொண்டிருந்தன.

வளவின் ஒழுங்கைப் பக்கத்து விளிம்பில் தகரக் கொட்டில் போட்டு, வாசலுக்கு ஒரு படலையும் வைத்துக் குடியேறினார்கள். குழாய்களை எடுக்கச் சொல்லிக் கேட்டாள். "வீடு கட்டுங்கோ, எடுத்துவிடுறம்" என்றார்கள். வீட்டுத்திட்ட அலுவலகத்தில், "வெள்ளக்காணியிலை வீடு தரேலாது, தண்ணியை நிப்பாட்டிப்போட்டு வாங்கோ" என்றார்கள். வருடங்கள் போயின.

ஒரு வீட்டிலிருந்து வெளியேறும் தண்ணீர் இரண்டு வகை. குளித்ததும் துவைத்ததும் பாத்திரம் கழுவியதும் சாம்பல்நீர். மலகூடத்தில் இருந்து வருவது கருநீர். சாம்பல்நீரை வாழைக்கு விடலாம். கருநீர் மூடிய தாங்கிக்குள் தங்கித் தெளிந்து, பிறகு ஊறுகுழி வழியாக மெல்ல நிலத்துக்குள் இறங்க வேண்டும். ஊறுகுழி என்பது அடிப்பாகம் பூசாமல் விட்ட குழி. தண்ணீரை மண் குடிப்பதற்காக வெட்டுவது. யாழ்ப்பாணத்தில் மண்ணுக்குக் கீழே சுண்ணக்கல், கல்லெல்லாம் துளை. ஒருவர் வளவில் விட்டது இன்னொருவர் கிணற்றில் ஏற அதிக காலம் எடுக்காது. ஸபூராவின் பள்ளத்துக்குள் வந்த நாலு குழாய்களில் மூன்று சாம்பல்நீர். நாலாவது, பக்கத்து வீட்டுப் பர்ஹானின் மலகூடத் தாங்கி நிரம்பி வழிகிற தண்ணீர். பர்ஹானும் புத்தளத்தில் இருந்து திரும்பியவன்தான். ஸபூராவுக்கு முன்பே வந்தவன்.

இந்த நிலையில்தான் வெள்ளத் தடுப்புத் திட்டக்காரர்கள் வந்தார்கள். வளவுக்குள் நீலம் பூசிய முளைகளை அடித்தார்கள். நகரத்தில் பழைய குளங்களைத் தூர்த்துக் கடை கட்டிவிட்டபடியால், மழைத் தண்ணீர் கொஞ்ச நேரம் தங்கி இறங்கத் தாழ்ந்த இடங்கள் வேண்டும். அதில் பிழை சொல்ல முடியாது. அந்த ஒழுங்கையில் ஆகத் தாழ்ந்த இடம் ஸபூராவின் வளவு. வரைபடத்தில் அதைச் சுற்றி நீலக் கோடு கீறி, மழைநீர்த் தேக்கம் என்று பெயர் போட்டிருந்தார்கள். சுற்றிவர மரங்கள், நடைபாதை, இருக்கைகள்.

வரைபடத்தைக் கொண்டுவந்தவள் நிவேதனா. நிலத்தோற்றத் திட்டமிடல் படித்தவள். மானிப்பாயில் இருந்து பஸ்ஸில் வந்துபோகிறவள்.

"கிணத்தையும் பாத்தனாங்கள் அக்கா," என்றாள். "வெள்ளத்துக்காக உயத்திக் கட்டியிருக்கு. அப்பவே இது வெள்ளக்காணிதானே?"

தாழ்ந்த ஊர்களில் கிணற்றை உயர்த்திக் கட்டுவது உண்டு. அப்படி நினைத்ததில் அதிசயம் இல்லை. ஸபூரா அவளைக் கிணற்றடிக்குக் கூட்டிப்போனாள்.

அபூபக்கர் வீட்டில் உளூச் செய்கிற தண்ணீர், தொழுகைக்கு முன் கைகால் முகம் கழுவுகிற தண்ணீர், வேறெந்தக் கழிவோடும் கலக்கக் கூடாது. அந்தப் பக்கத்துப் பழைய வீடுகள் பலவற்றில் இது வழக்கம். அதற்கென்று கிணற்றடியில் தனி ஓடை கட்டுவார்கள். அபூபக்கர் கட்டிய ஓடை கிணற்றடியில் தொடங்கி, மாதுளையைத் தாண்டி, ஒழுங்கை வாய்க்காலில் போய் விழுந்தது. இப்போது கிணற்றுத் தளத்தின் விளிம்பில் அந்த ஓடை ஒரு முழம் நீட்டி, அந்தரத்தில் முறிந்து நின்றது.

"இதின்ரை வாட்டத்தைப் பாருங்கோ தங்கச்சி. தண்ணி இதாலை ஒழுங்கைக்குப் போனது. வளவு ஒழுங்கையைவிட உயரமாய் இருந்தால்தானே போகும்? கிணத்தை ஒருத்தரும் உயத்தேல்லை. நிலத்தைத்தான் இறக்கினவை."

நிவேதனா குனிந்து பார்த்தாள். ஒழுங்கையின் மறுகரையில் இருந்த வாய்க்கால் துண்டு ஒன்றையும் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள்.

"நீங்கள் சொல்லுறது சரி போலைதான் இருக்கு. ஆனால் நான் நம்பினால் மட்டும் காணாது அக்கா. மண்ணை எடுத்தது உண்மையெண்டு, அப்ப இஞ்சை இருந்த ஆரும், ஊராக்களோடை நாங்கள் வைக்கப்போற கூட்டத்திலை வந்து சொல்லவேணும். சொன்னால் குடியிருப்புக் காணி எண்டு மாத்தலாம். சொல்லாட்டில் குளம்தான்."

அன்று பின்னேரம் முனாஸ் மெதுவாகக் கதையைத் தொடங்கினான்.

"மாற்றுக்காணி தருவினமாம். நல்ல மேட்டுக்காணி."

"எங்கை?"

"யாழ்ப்பாண ரவுணுக்குக் கொஞ்சம் வெளியாலை."

"நான் ஒருக்கா வெளியாலை போனது காணும்."

"இந்த நாத்தத்துக்கை கிடந்து என்ன செய்யப் போறாய் ஸபூரா?"

"நாத்தம் என்ரையில்லை. அதுக்கு நான் ஏன் எழும்பிப் போறது?"

முனாஸ் அதற்குப் பிறகு மாற்றுக்காணிக் கதையை எடுக்கவில்லை.

பின்வளவுக் கதிரவேலு அந்த ஒழுங்கையை விட்டு எந்தக் காலத்திலும் போகாதவர். ஓய்வுபெற்ற தபாற்காரர். ஸபூரா முதலில் அவரிடம்தான் போனாள்.

"எனக்கு ஞாபகமில்லைப் பிள்ளை. அது சண்டைக்காலம். அவனவன் உயிரைப் பிடிச்சுக்கொண்டு கிடந்த நேரம்."

தனக்கு முன்பே திரும்பியவன் ஏதும் பார்த்திருப்பான் என்று பர்ஹானிடம் போனாள்.

"குளம் வந்தால் நல்லதுதானே ராத்தா? காத்து வரும். பெஞ்சும் போடுவாங்களாம்."

"பெஞ்சிலை இருந்து எதைப் பாக்கப் போறாய்? எங்கடை குசினியிலை அடுப்பு இருந்த இடத்தையோ?"

அவன் செல்போனைப் பார்க்கத் தொடங்கினான்.

அவர்கள் ஏன் வாய் திறக்க மாட்டார்கள் என்பது அவளுக்கு விளங்கியது. வளவு குளமானால் குழாய்கள் எல்லாம் சட்டப்படி சரியாகிவிடும். வீடானால் ஒவ்வொருவரும் தன் தண்ணீருக்குத் தன் வளவுக்குள்ளேயே வழி தேட வேண்டும்.

ஆகவே அடைத்தாள். பழைய சாக்கை ஈரமாக்கி, சுருட்டி, குழாய்க்குள் கம்பியால் இடித்து இறுக்கினாள். அதன்மேல் சீமெந்துக் கலவையை வைத்துக் கரண்டியால் அழுத்தினாள். நாலு குழாய்க்கும் அதே வேலை, அதே ஒழுங்கு. சீமெந்து காயுமட்டும் பக்கத்தில் கதிரை போட்டு இருந்து பற்றிசுக்குக் கிழங்கு உரித்தாள்.

வெயில் ஏறும்போது கதிரவேலு வந்தார். இடுப்பில் சாரம், தோளில் துவாய், தலையில் சவர்க்கார நுரை.

"என்ன வேலை பாத்தனீர்! குளிக்கிற அறைக்குள்ளை தண்ணி கணுக்காலுக்கு நிக்குது!"

"எனக்கு முழங்காலுக்கு நிண்டது அண்ணை. மாரியிலை இடுப்புக்கு."

"சொல்லிப்போட்டுச் செய்யிறதில்லையோ?"

"நேற்று உங்கடை வாசல்லை நிண்டு சொன்னனான். நீங்கள் சிரிச்சனீங்கள்."

கதிரவேலுவுக்குக் கோபம் தலைக்கேறியது. நுரை கண்ணுக்குள் வழிந்தது அதை இன்னும் கூட்டியது.

"நாங்கள் குண்டுக்கும் ஷெல்லுக்கும் இஞ்சை கிடந்தனாங்கள். நீங்கள் விட்டிட்டுப் போட்டியள். வெறுங்காணி கிடந்தால் தண்ணி போகும்தானே!"

"விட்டிட்டுப் போனனாங்களோ?" ஸபூரா கிழங்குச் சட்டியைக் கீழே வைத்தாள். "கதிரவேலண்ணை, அண்டைக்கு உங்கடை படலையடியிலை நிண்டு எங்களைப் பாத்தனீங்கள். நாங்கள் போனனாங்களோ, கலைச்சவையோ எண்டு உங்களுக்குத் தெரியும்."

அவர் துவாயால் முகத்தை அழுத்தித் துடைத்தார்.

அதற்குள் பர்ஹானும் வந்து சேர்ந்தான்.

"ராத்தா, இது சரியில்லை. நான் பி.எச்.ஐ.யிட்டைப் போவன்."

"போ. சுகாதாரப் பரிசோதகர் வந்தால் முதல் உன்ரை தாங்கியைத்தான் திறந்து பாப்பார். நீ உளூ எடுத்துப் பள்ளிக்குப் போறாய். போகேக்கை உன்ரை மலகூடத் தண்ணியை ஒரு முஸ்லிமின்ரை கிணத்தடிக்குத் திறந்து விட்டிட்டுப் போறாய். அதுக்கு ஆரிட்டைப் போறது நான்?"

பர்ஹானுடைய மனைவி மதிலுக்கு மறுபக்கம் நின்று, "நான் எத்தினை தரம் உங்களுக்குச் சொன்னனான்!" என்று கத்தியது எல்லோருக்கும் கேட்டது.

"இப்ப என்னதான் செய்யச் சொல்லுறீர்?" என்றார் கதிரவேலு.

"கூட்டத்துக்கு வாங்கோ. மண் எங்கை போனதெண்டு சொல்லுங்கோ. வேறை ஒண்டும் கேக்கேல்லை."

"வந்தால் திறப்பீரோ?"

"உங்களோடை நான் பண்டமாற்றுச் செய்யேல்லை அண்ணை. குழாய் வேறை, கூட்டம் வேறை. குழாய் எப்பிடியும் திறக்காது."

"பிறகேன் நான் வரவேணும்?"

"அது உங்கடை விருப்பம். வராட்டிலும் நான் அங்கை எழும்பிச் சொல்லத்தான் போறன். நீங்கள் இருக்கிறியளோ இல்லையோ எண்டுதான் ஆக்கள் பாப்பினம்."

கூட்டம் வரைக்கும் ஒழுங்கை முறுகிக்கொண்டே இருந்தது. வாளியில் அள்ளி வாழைக்கு ஊற்றினார்கள். ஒருவரும் ஸபூராவோடு கதைக்கவில்லை. யாரோ ஒரு சீமெந்து அடைப்பைக் கம்பியால் குத்திப் பார்த்திருந்தார்கள். அவள் அதன்மேல் இன்னும் கொஞ்சம் கலவை பூசினாள்.

கூட்டம் வாசிகசாலை மண்டபத்தில். நிவேதனா வரைபடத்தைச் சுவரில் ஒட்டியிருந்தாள். ஸபூரா எழும்பித் தன் கதையைச் சொன்னாள். பின்வரிசையில் ஒருவர், "அதுக்கு என்ன அத்தாட்சி?" என்றார். ஓடையைப் பற்றிச் சொன்னாள். "முறிஞ்ச ஓடையை ஆரும் கட்டலாம்" என்றார் அவர். சிலர் சிரித்தார்கள். பர்ஹான் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கதிரவேலு கதிரையைப் பின்னுக்குத் தள்ளி எழும்பினார்.

"அத்தாட்சி நான்தான்," என்றார். "உதிலை சிரிக்க ஒண்டுமில்லை. மகளின்ரை கலியாணத்துக்கு வீட்டு முத்தத்தை மண் போட்டு உயத்தினனான். டிறக்ரர்க்காரன் மண் கொண்டந்து கொட்டினான். எங்கையிருந்து எண்டு முதல் கேக்கேல்லை. பிறகு கேக்கத் தேவையிருக்கேல்லை, மதிலுக்கு மேலாலை பாக்கத் தெரிஞ்சது. ஒழுங்கையிலை நான் மட்டுமில்லை. மற்றவையின்ரை பேரை நான் சொல்லேல்லை, அவையவைக்கு வாய் இருக்கு. என்ரை முத்தம் இப்ப அவவின்ரை வளவைவிட இடுப்பளவு உயரம். அந்த உயரம் அவவின்ரை. எழுதுங்கோ தங்கச்சி."

அவர் ஸபூராவின் பக்கம் திரும்பவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை. உட்கார்ந்துவிட்டார்.

நிவேதனா எழுதினாள். நீலக் கோட்டை அழித்து, 'மண் அகழப்பட்ட குடியிருப்புக் காணி' என்று போட்டாள். தேக்கத்துக்கு வேறு இடம் பார்க்க வேண்டும் என்றாள். மழைத் தண்ணீருக்கு ஒழுங்கையின் பழைய வாய்க்காலைத் திரும்ப வெட்டலாம், ஆனால் ஒவ்வொரு வளவும் முன்பக்கத்தில் கொஞ்ச நிலம் விட வேண்டிவரும் என்றாள். மண்டபம் முணுமுணுத்தது.

"என்ரை வேலியைப் பின்னுக்கு எடுக்கிறன்," என்றாள் ஸபூரா. "இனி மற்றவையைக் கேளுங்கோ."

வெளியே வந்தபோது பர்ஹான் பின்னால் ஓடிவந்தான்.

"ராத்தா, எல்லாம் முடிஞ்சுதுதானே. மழை வரப்போகுது. ஒரு மாரிக்கு மட்டும் திறந்து விடுங்கோவன்."

"குளமில்லையெண்டு எழுதி முடிச்சு மை காயேல்லை. அதுக்குள்ளையோ? போய்க் குழி வெட்டு. உனக்கு முதல் தாங்கியைத் துப்புரவாக்கவேணும், அதையும் மறந்துபோடாதை."

அடுத்த கிழமை ஒழுங்கை முழுக்க மண்வெட்டிச் சத்தம். கதிரவேலு தன் முற்றத்தில் ஊறுகுழி வெட்டுவித்தார். கிணற்றிலிருந்து எட்டத் தள்ளி, முற்றத்தின் மற்ற மூலையில். வெட்டிய மண் பின்மதிலோரம் குவிந்தது. அவர் மதிலுக்கு மேலாகத் தலையை நீட்டினார். கூட்டத்துக்குப் பிறகு அவர் ஸபூராவோடு கதைத்தது அதுதான் முதல் தடவை.

"உந்த மண்ணை என்ன செய்யிறது பிள்ளை? இதாலை அப்பிடியே உங்காலைப் பக்கம் தள்ளிவிடச் சொல்லட்டே?"

ஸபூரா பற்றிசைத் திருப்பிப் போட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

"மதிலுக்கு மேலாலை ஒண்டும் எறியாதேங்கோ அண்ணை. சுத்தி ஒழுங்கையாலை வாங்கோ. படலையாலை கொண்டந்து போடுங்கோ."