வாய்க்காலில் எங்கள் பங்கு

வேங்கிக்கால் போகிற வழியில் ஒரே வரிசையாகப் பதினோரு வீடுகள் இருந்தன. கடைசிக்கு முந்தினது என் மகளுடையது. அந்த இடத்தில் கட்டிக்கொள்ளச் சொன்னவன் நான்தான். நானும் அவளோடுதான் இருந்தேன்.

முன்பு அங்கே வாய்க்கால் ஓடியது. மலையில் பெய்கிற மழைத் தண்ணீர் அதன் வழியாக ஏரிக்குப் போகும். மழைக்காலத்துக்கு முன்னால் வீட்டுக்கு ஓர் ஆள் மண்வெட்டியோடு வந்து தூர் வாரவேண்டும். எந்த வீட்டுக்கு எவ்வளவு நீளம் என்று என் அப்பா தப்படி வைத்து அளந்து விடுவார். அவர் போன பிறகு நான் அளந்தேன். பள்ளிக்கூடம் போனதில்லை என்பதால் எழுதி வைக்கத் தெரியாது. கல்மண்டபத்தில் தொடங்கி ஏரிக்கரை வரை எல்லா வீட்டுப் பங்கையும் வாயாலேயே வரிசையாகச் சொல்லுவேன். தூர் வாருகிற அன்று கேழ்வரகுக் களியும் கருவாட்டுக் குழம்பும் வரப்பில் உட்கார்ந்து சாப்பிடுவோம். தையல்காரர் மட்டும் கையில் கொப்புளம் வந்துவிட்டது என்று மத்தியானத்திலேயே புளியமரத்தடியில் படுத்துவிடுவார். மண்ணள்ளுவதில் சோம்பேறி. சாப்பாட்டில் இரண்டு ஆள்.

மாவட்டம் பிரித்து ஆபீஸ்கள் வந்ததும் மேலே மனை போட்டார்கள். வாய்க்காலின் தலைமாட்டில் கல்லும் மண்ணும் கொட்டி மேடாக்கினார்கள். தண்ணீர் நின்றுபோனது. நாலைந்து வருடம் வெறும் பள்ளமாகக் கிடந்தது. அப்புறம் யார் முதலில் தொடங்கினது என்று தெரியவில்லை, அவரவர் தூர் வாரின பங்கில் அவரவர் வீடு கட்டிக்கொண்டோம். அதில் தப்பு என்று யாருக்கும் தோன்றவே இல்லை. மூன்று தலைமுறையாக நாம் மண் அள்ளின இடம், நம்முடையதுதானே? ஒருத்தர் பங்கில் இன்னொருத்தர் கால் வைக்கவில்லை. அந்த மட்டும் நாங்கள் நியாயமாகத்தான் நடந்துகொண்டோம். கரண்ட்கூட வந்துவிட்டது.

அப்படியிருக்கும்போதுதான் ஒரு வாத்தியார் என்னைத் தேடி வந்தார். பள்ளிக்கூடத்தில் ஊர் வரலாற்றுக் கண்காட்சி வைக்கிறோம், பழைய ஆட்களும் வந்து பேசவேண்டும் என்றார். எழுபது வயதுக்கு மேல் என்னை ஒருத்தர் பேசக் கூப்பிடுகிறார். சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு போனேன்.

பெஞ்சுகளை நீளமாகப் போட்டு மேலே பழைய போட்டோ, ஓலைச்சுவடி, மரக்கால், படி எல்லாம் வைத்திருந்தார்கள். ஏற்றம் இறைக்கிற சால் ஒன்று இருந்தது. அதைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்திருந்தார்கள், நான்தான் நிமிர்த்தி வைத்தேன். எனக்கு முன்னால் பேசினவர் ராஜாக்களைப் பற்றியே முக்கால் மணிநேரம் பேசினார். கூட்டம் கொட்டாவி விட்டது. அப்புறம் என்னை மேடையில் உட்காரவைத்து, முன்னால் ஒரு டேப் ரெக்கார்டரை வைத்தார் வாத்தியார்.

நான் பங்கு வரிசையைச் சொன்னேன். "கல்மண்டபத்துலேர்ந்து எறங்குனா ஒத்தமாட்டுக்காரர் வூட்டுப் பங்கு, இருவது தப்படி. மாடுதான் ஒத்த, வூட்ல ஆளு பன்னெண்டு! அதுக்கடுத்து தையல்காரர் பங்கு, பதினாலு. அவரு புளியமரத்தடில தூங்கிடுவாரு, அதுலயும் பாதி எங்கப்பன் வாருனது!" என்றேன். கூட்டம் சிரித்தது. கை தட்டினார்கள். தட்டத் தட்ட எனக்கு இன்னும் ஞாபகம் வந்தது.

முன் வரிசையில் ஒருத்தர் மட்டும் சிரிக்கவில்லை. எழுதிக்கொண்டே இருந்தார். ஆபீஸ்காரர் என்று பார்த்தாலே தெரிந்தது. நான் முடித்ததும் எழுந்தார்.

"பெரியவரே, உங்க தப்படி எவ்ளோ நீளம் வரும்? கொஞ்சம் நடந்து காட்டுறீங்களா?"

மேடையிலேயே நடந்தேன். பெண் பார்க்க வந்த மாதிரி எல்லோரும் பார்த்தார்கள். அவர் பையிலிருந்து அளக்கிற டேப்பை எடுத்து, குனிந்து, என் குதிகாலிலிருந்து குதிகாலுக்கு அளந்து எழுதிக்கொண்டார். எதற்கு என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் சால்வை போட்டுவிட்டார்கள்.

பத்து நாள் கழித்து வாத்தியார் வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"ஐயா, அந்த ஆபீஸ்காரங்க கேசட்டைக் கேட்டு வாங்கினு போய்ட்டாங்க. வாய்க்கால் எங்க இருந்துச்சி, அதுமேல யாரு யாரு வூடு கட்டியிருக்காங்கன்னு பாக்கணுமாம். எனக்கு அப்பவே தோணல, மன்னிச்சிக்குங்க."

வீடு வீடாகச் செய்தி போனது. எல்லோரும் மகள் வீட்டு வாசலில் கூடினார்கள். தையல்காரர் மகன் என்னைப் பிடித்துக்கொண்டான்.

"யோவ் மாமா, மைக்கைக் கண்டா உன் வாயி நிக்காதா? எங்கப்பன் தூங்குனத வேற சொல்லிக்கிறியே!"

"மாமாவுக்கு சால்வை போட்டாங்க. நமக்கு இன்னா போடப் போறாங்கன்னு பாப்போம்" என்றார் என் மருமகன். யாரும் சிரிக்கவில்லை.

மகள்தான் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "வந்து கேட்டா மறந்துட்டேன்னு சொல்லிடு நைனா. வயசான ஆளு, யாரு இன்னா கேக்கப் போறாங்க?"

நான் எதையும் மறந்தவன் இல்லை. இருந்தாலும் அன்றிலிருந்து தனியாக இருக்கும்போது மறந்துட்டேங்க, மறந்துட்டேங்க என்று சொல்லிப் பழகினேன்.

ஒரு காலையில் மூன்று பேர் வந்தார்கள். டேப்பும் சிவப்பு பெயிண்ட் டப்பாவும் இருந்தன. முன்னால் அதே ஆபீஸ்காரர்.

"வாங்க பெரியவரே. எங்கேர்ந்து ஆரம்பிக்கலாம்?"

"மறந்துட்டேங்க. வயசாயிடுச்சி."

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்திருக்கும். தலையை ஆட்டிவிட்டு, பையிலிருந்து டேப் ரெக்கார்டரை எடுத்துக் கல்மண்டபத்துப் படியில் வைத்து அமுக்கினார்.

என் குரல் வந்தது. எவ்வளவு சந்தோஷமான குரல்! ஒத்தமாட்டுக்காரர் வூட்டுப் பங்கு, இருவது தப்படி. அந்தக் குரலை நிறுத்திவிட்டு, என் தப்படிக் கணக்கை அடியாக்கி டேப்பைப் பிடித்தார்கள். அந்த வீட்டுச் சுவரில் சரியாக வந்து நின்றது. சிவப்புக் கோடு போட்டார்கள். ரெக்கார்டரைக் கையில் தூக்கிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனார்கள். தையல்காரர் பங்கு, பதினாலு. கேசட்டில் கூட்டம் சிரித்தது. ஒவ்வொரு வீடாக என் குரலே அவர்களை அழைத்துக்கொண்டு வந்தது.

மகள் வீட்டு வாசலில் அது சொன்னது: "இந்த வளைவுலதான் மண்ணு ஜாஸ்தி சேரும். இது எங்க பங்கு. பதினாறு தப்படி. ஒரு சாண்கூட யாருக்கும் உட்டுக்குடுத்தது இல்ல."

டேப்போடு உள்ளே வந்தார்கள். மகள் குடங்களை ஓரமாக நகர்த்தி வழிவிட்டாள். நடு வீடு தாண்டி, அடுப்பங்கரை வாசற்படிக்கு வந்ததும் நான் குறுக்கே போய் நின்றேன்.

"இங்கியே முடிஞ்சிடுதுங்க. எனக்கு இப்ப நல்லா ஞாபகம் வந்துடுச்சி" என்றேன்.

"கொஞ்சம் தள்ளிக்குங்க பெரியவரே" என்றார். என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. டேப் என் காலோரமாகப் போய் அடுப்பு மேடையைத் தாண்டிப் பின்சுவரில் முட்டியது.

மகள் என்னிடம் கேட்கவில்லை. அவரிடம் கேட்டாள். "வூடு முழுக்கவும் போயிடுங்களா சார்?"

"நோட்டீஸ்ல வரும்மா" என்றார். அடுப்புக்குப் பக்கத்தில் தரையில் கோடு போட்டு முடித்தார்கள். காய்வதற்குள் மிதித்துவிட வேண்டாம் என்று சொல்லிவிட்டு, கடைசி வீட்டுக்குப் போனார்கள்.