அளவெடுத்துவிட்டுப் போகிறவர்கள்

காலை ஐந்தரை. விருதுநகர் ரயில் நிலையத்துக்கு எதிரே டீ பன்னிரண்டு ரூபாய். சர்க்கரை மட்டும் தாராளம். வெளிநாட்டு நர்சிங் மாணவிகள் நான்கு பேரைச் சாத்தூர்ப் பக்கத்துக் கிராமமொன்றில் இரண்டு வாரம் பழக்கிவிட்டு, மதுரைக்குத் திருப்பிக் கூட்டிப்போகும் நாள். இதுதான் பல வருடமாக என் பிழைப்பு. மருந்து கொடுக்காதே, கேட்காமல் தொடாதே, வாக்குக் கொடுக்காதே. சொல்லிச் சொல்லி எனக்கே சலித்துவிட்டது.

வேன் ஓட்டும் முருகன் அந்தக் கிராமத்துக்காரர். டீயை ஆற்றிக்கொண்டே ஆரம்பித்தார்.

"மேடம், நேத்து ஒரு கையை அளவெடுத்தீகள்ல, அந்த மாரியம்மா இனி வேலைக்கு வரலைன்னு போர்மேன்ட்ட சொல்லிருச்சாம். ஆப்ரேசன் பண்ணப் போறாகளாம்."

"ஆபரேஷன்னு யார் சொன்னது?"

"யாரும் சொல்லலை. அளவெடுத்தாகளே, தைக்காமயா போவாகன்னு கேக்குது."

எனக்குத் தூக்கம் கலைந்தது. மாரியம்மாளுக்கு, வேலை பார்க்கும் பட்டாசுக் கம்பெனியில் முன்பு நடந்த வெடி விபத்தில் இடது கை விரல்கள் இரண்டு மடங்கி உள்ளங்கையோடு ஒட்டிப்போயிருந்தன. ஹன்னா என்ற மாணவி அவரிடம் முறையாக அனுமதி கேட்டு, கோணம் அளக்கும் கருவியை ஒவ்வொரு மூட்டிலும் வைத்துப் பார்த்தாள். பயிற்சிக்குத்தான். நான் சொல்லிக்கொடுத்த விதி எதையும் அவள் மீறவில்லை.

தீபாவளி சீசன் நேரம். கம்பெனி வேனில் அவர் இடத்தில் வேறொருத்தி ஏறிவிட்டால், சீசன் முடியும்வரை மாரியம்மாளுக்கு வேலை கிடையாது. மதுரைக்குப் போகவேண்டிய வண்டியைத் தெற்கே திருப்பச் சொன்னேன். முப்பது கிலோமீட்டர். மற்ற மூவரும் தூங்கினார்கள். விஷயத்தைச் சொன்னதும் ஹன்னா, "நான் எதுவும் வாக்குக் கொடுக்கவில்லையே" என்று ஆங்கிலத்தில் முனகினாள்.

"ஆமாம், கொடுக்கவில்லை" என்றேன்.

ஆறரைக்குப் போய்ச் சேர்ந்தோம். மாரியம்மாள் தலைக்குக் குளித்துப் புதுச்சேலை கட்டி, ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய கோலத்தில் வாசலில் நின்றார்.

"வாங்க, வாங்க. இன்னைக்கேவா?"

ஹன்னா சொல்லச் சொல்ல, நான் தமிழில் சொன்னேன்: நான் டாக்டர் இல்லை, படிக்கிறேன், உங்கள் கையை அளந்தது என் படிப்புக்காக. மதுரைப் பெரியாஸ்பத்திரியில் காட்டலாம், சீட்டு எழுதித் தருகிறேன் என்று என் பங்குக்கு நானும் சேர்த்துக்கொண்டேன். அதற்குப் பலமுறை அலைய வேண்டும் என்பதையும் மறைக்கவில்லை.

அவர் கோபப்படவில்லை. மடங்கிய விரல்களைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு ஹன்னாவிடம் கேட்டார்.

"படிச்சிட்டியாம்மா?"

மொழிபெயர்த்தேன். ஹன்னா அழுதுவிட்டாள். மாரியம்மாள் அதற்குள் உள்ளே போய்ச் சேலையை மாற்றிக்கொண்டு, தூக்குவாளியோடு தெருமுனைக்கு நடந்தார். நாங்களும் பின்னாலேயே போனோம்.

ஏழு மணிக்குக் கம்பெனி வேன் வந்தது. போர்மேன் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "சரி, பழைய ஆளு. ஏறு" என்றவர், உள்ளே திரும்பி, "ஏம்மா, நீ இறங்கிக்க" என்றார்.

இருபது வயதுகூட இருக்காது அந்தப் பெண்ணுக்கு. முதல் நாள் வேலைக்கென்று பூ வைத்திருந்தாள். இறங்கி எங்கள் பக்கத்தில் நின்றாள். வேன் போய்விட்டது.

"இவளிடம் நான் என்ன சொல்லட்டும்?" என்று ஹன்னா கேட்டாள்.