தூங்குமூஞ்சி மரத்தடியில் குடியிருந்தோம்

கோடியக்கரைப் பக்கம் ஒரு தோப்பில் மகள் கூடாரம் போட்டுக்கொண்டிருந்தாள். மேலே ஒரு கிளை முனகியது. என் சிறுவயது அந்தச் சத்தத்தில் திரும்பி வந்தது.

கூலி உயர்த்திக் கேட்டதற்காக மிராசுதார் எங்களைக் குடிசையிலிருந்து வெளியேற்றிய வருஷம் அது. நீடாமங்கலம் சாலையோரம், தூங்குமூஞ்சி மரத்தடியில் அப்பா கீற்றுகளைச் சாய்த்துக் கட்டினார். சோற்றுப்பானை மூடியில் ரோஸ் நிறப் பூக்கள் உதிரும். அம்மா அவற்றை ஊதிவிட்டுச் சோறு போடுவாள்.

ஒரு மத்தியானம் காற்றே இல்லை. அப்பா சங்கக் கூட்டத்துக்குப் போயிருந்தார். மிராசுதாரின் காரியக்காரர் வந்து நின்றார்.

"இங்கயும் இருக்கக் கூடாதாம். மூட்டையக் கட்டு."

மேலே கிளை முனகியது. அம்மா அண்ணாந்து பார்த்தாள். சட்டென்று தம்பியை இடுப்பில் அள்ளினாள், என்னை முன்னால் தள்ளினாள், அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு சாலைக்கு ஓடினாள். எங்கள் நிழல் பட்டாலே முகம் சுளிக்கிறவர் அவர்.

"கைய விடுடீ!" என்று கத்தினார். அதற்குள் பின்னால் கிளை முறிந்து விழுந்து, கீற்றையும் பானையையும் நசுக்கியது. பச்சை மர வாசனை எங்கும் பரவியது.

அவர் சாலையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"புள்ளைங்களுக்கு அடிபடலியே?"

"இல்லீங்க."

"கொஞ்சம் தண்ணி குடும்மா."

அம்மா வாய்க்காலில் மொண்டு வந்த செம்பை அவர் தன் கையாலேயே வாங்கிக் குடித்தார். அதன் பிறகு எங்களைக் கிளப்ப அவர் வரவில்லை. கூலி முடிவாகும்வரை வெட்டவெளியில்தான் இருந்தோம்.

"கூடாரத்த அந்தப் பக்கம் மாத்தும்மா" என்றேன் மகளிடம்.

"வெயில் கொளுத்துமேம்மா."

"கொளுத்தட்டும்" என்று நானே முதல் முளையைப் பிடுங்கினேன்.