லப்டொப்புக்கு விரித்த லேஸ் துணி

பலெர்மோவில், லிபெர்த்தா வீதியில் நான் வீட்டுவேலை செய்கிற வீட்டுக்கார அம்மா, எங்கள் சிஞ்ஞோரா, தந்த பழைய லப்டொப்பில் கார் ரேஸ் கேம் ஓடவே ஓடாது என்று என் மனுசன் சொன்னார். அதில் தனி கிராபிக்ஸ் கார்ட் இல்லையாம், புதுசுதான் வாங்க வேணுமாம். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. வீட்டில் இருக்கிறதை வைத்தே சமைத்துப் பழகினவளுக்கு இது ஒரு வேலையா?

கேமின் செட்டிங்கில் நிழல்களை நிறுத்தினேன். ரோட்டோரப் புல்லையும் சனக்கூட்டத்தையும் குறைத்தேன், ரெசலூஷனை இறக்கினேன். கார் வழுக்கிக்கொண்டு ஓடியது. கொஞ்ச நேரத்தில் திக்கித் திக்கி நின்றது.

"நான் சொன்னன்தானே," என்றார்.

லப்டொப்பைத் தூக்கினேன். அடிப்பக்கம் தோசைக்கல் மாதிரிச் சுட்டது. கீறல் விழக்கூடாது என்று அவர் மடித்து விரித்திருந்த லேஸ் துணி, காற்றுப் போகிற துவாரங்களை அடைத்துக்கொண்டு கிடந்தது. சூடேறினால் கம்ப்யூட்டர் தானாகவே வேகத்தைக் குறைத்துவிடும். எங்கள் வீட்டில் டிவிக்கும் துணி, ரிமோட்டுக்கும் பொலித்தீன்.

துணியை உருவி எறிந்தேன். சூடு தணிந்ததும் கார் பறந்தது.

"ஐயோ, கீறப்போகுது!" என்றார்.

"கீறட்டும். ஓடுதுதானே, பாருங்கோ."

அப்போதுதான் நான் இருந்த சோபாவைக் கவனித்தேன். ஊருக்குத் திரும்பும்போது புதுசாகவே கொண்டுபோகலாம் என்று, கடைக்காரன் சுற்றித் தந்த பொலித்தீனைக் கழற்றாமலே வைத்திருந்தோம். பிள்ளைகள் இந்தப் பலெர்மோவிலேயே பிறந்து, வளர்ந்து, வேலைக்கும் போய்விட்டார்கள்.

எழும்பிப் போய்க் கத்தரிக்கோலை எடுத்து வந்தேன்.