ரிப்பனைத் தைத்த சுபைதா ராத்தா

பள்ளிவாசலில் மௌத்து அறிவித்தபோது நான் குசினியில் மா அரித்துக்கொண்டிருந்தேன். "மர்ஹூம் உதுமாலெவ்வை அவர்களின் மனைவி" காலமானதாக ஒலிபெருக்கியில் சொன்னார்கள். எங்கள் ஊரில் பெண்களின் பெயரை அப்படிப் பகிரங்கமாகச் சொல்வது குறைவு. யாரோ ஒருவர் என்று எண்ணி, ஓத வேண்டியதை ஓதிவிட்டு மாவைத் தொடர்ந்து அரித்தேன். கொஞ்ச நேரத்தில் மருமகள் போனைப் பிடித்தபடி ஓடி வந்தாள்.

"மாமி, அது நம்மட சுபைதா ராத்தாவாம்."

அரிதட்டு கையில் இருக்க அப்படியே நின்றேன். எத்தனையோ வருடம் ஒன்றாக இருந்து தைத்தவரை, கணவரின் பெயரைச் சொன்னால் எனக்கு அடையாளம் தெரியவில்லை.

எங்கள் தையல் குழுவில் உள்ளவர்களுக்கு அவரைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக எழுதுகிறேன். மருதமுனைத் தறிகளில் மிஞ்சும், ஆண்கள் உடுக்கிற சாறன் துண்டுகளையும், வீடுகளில் உடுத்துப் பழசான சேலைகளையும் சதுரமாக வெட்டி இணைத்துப் போர்வை தைக்கிற குழு எங்களுடையது. தொடங்கியவர் சுபைதா ராத்தா. படித்த காரியமில்லை, தறி வீட்டு வாசலில் துண்டுகள் குப்பையாகக் கிடப்பதைப் பார்க்கப் பொறுக்காமல் தொடங்கியது.

அவரிடம் ஒரு பிடிவாதம் இருந்தது. புதுத்துணி வைக்க விடமாட்டார். பாண்டிருப்பிலிருந்து வரும் செல்வமலர் முதல் நாள் கடையில் நல்ல பூத்துணி வாங்கிக்கொண்டு வந்தாள். ராத்தா தொட்டுப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"கடைத்துணிக்கு நம்மளத் தெரியாதுகா. நீ உடுத்தத கொண்டு வா."

"ராத்தா, என்ட சேலைய வெட்டினா எங்கட அவர் என்னை வெட்டுவாரு."

"அப்ப அவர்ட சாறனையும் சேத்துக் கொண்டு வா. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுத் தைப்பம். மறுகா எப்பிடிச் சண்டை புடிக்கிற?"

அடுத்த கிழமை செல்வமலர் இரண்டையும் கொண்டு வந்தாள்.

தையல் கொஞ்சம் கோணினாலும் "பிரி" என்பார். முகத்துக்கு நேரே சொல்வார். கோபித்துக்கொண்டு போனவர்கள் உண்டு. அவர்கள் வீட்டுக்கும் அவரே போய்க் கூட்டி வருவார், வந்து உட்கார்ந்ததும் திரும்பவும் "பிரி" என்பார்.

முதல் கண்காட்சிக்காக எல்லாரும் ஆளுக்கொரு துண்டு தைத்து, ஒரு பெரிய போர்வையாக்குவது என்று முடிவானது. இணைக்கிற வேலை என்னுடையது. மூட்டுத் தெரியாமல் இணைப்பதில் எங்கள் குழுவில் என்னை மிஞ்ச ஆளில்லை, இதைச் சொல்ல எனக்குக் கூச்சமுமில்லை. பாதி இணைத்திருந்த நேரத்தில் என் கணவர் மௌத்தானார். நான் இத்தாவில் இருந்தேன். கணவரை இழந்தவள் அந்தத் தவணை முடியும்வரை வெள்ளை உடுத்து வீட்டுக்குள்ளேதான் இருக்க வேண்டும். கண்காட்சி நடக்கும் மண்டபத்துக்குப் போகும் பேச்சே இல்லை.

ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். ஒரு பரிசளிப்பிலும் மேடை ஏறியதில்லை. என் கைவேலை தொங்குவதையும், நாலு பேர் அதன் முன் நின்று பார்ப்பதையும் ஒருதரம் காண ஆசைப்பட்டிருந்தேன். அந்தத் துக்கத்திலும் இதை நினைத்தாயா என்று கேட்டால், நினைத்தேன்.

மீதிப் போர்வையைத் தூக்கிக்கொண்டு ராத்தா என் வீட்டுக்கே வந்தார். பக்கத்து வீட்டு மச்சி அப்போது என்னோடு இருந்தார். சிவப்பும் பச்சையுமாகத் துணியைக் கண்டதும் அவருக்குப் பொறுக்கவில்லை.

"இத்தாவுல இரிக்கிறவக்கு இந்தக் கலரெல்லாம் என்னத்துக்குகா?"

ராத்தா தலையை நிமிர்த்தாமல் ஊசியில் நூல் கோத்தார். "உடுக்கத்தான் கூடா. தைக்கக் கூடாதெண்டு யாரு சொன்ன? நான் பள்ளி லெவ்வையிட்டக் கேட்டுப்போட்டுத்தான் வந்திரிக்கன். நீயும் சும்மா இரிக்காம இந்த நூலைப் புடி."

மச்சி நூலைப் பிடித்தார். போர்வையும் முடிந்தது.

திறந்து வைக்கிற அதிகாரியும் விருந்தாளிகளும் வருகிற நாள் நிச்சயமாகிவிட்டதால், கண்காட்சியை எனக்காகப் பிந்திப் போட முடியவில்லை. போர்வையை எடுத்துப் போனவர்களிடமிருந்து ஒரு கதையும் இல்லை. சரி, அவ்வளவுதான் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

திறப்பு விழாவுக்கு முதல் நாள் பின்னேரம் அசர் தொழுது முடித்திருந்தேன். பின்கதவால் ராத்தா மூச்சு வாங்க நுழைந்தார். தலையில் பொதி. பின்னால் செல்வமலர், அவளுக்குப் பின்னால் குழுவில் இருந்த அத்தனை பேரும், ஒவ்வொருவர் தலையிலும் ஒரு பொதி.

"ஜெமீலா, ஊட்டுல ஆம்புளயள் ஒருத்தரும் இரிக்கக் கூடா. எல்லாரையும் கடற்கரைக்கு அனுப்பு."

மகன்மார் போனதும் என் வீட்டைத் தலைகீழாக்கினார்கள். ஜன்னல் கம்பியில், அலுமாரிக் கதவில், கதிரைகளின் முதுகில், அறைக்கு அறை கட்டிய கொடியில் போர்வைகள். பெரியது நடுச்சுவரில். ஒழுங்கை வீடுகளில் இருந்த பெண்களுக்கும் ஆள் போயிருந்தது. ராத்தா பொதியிலிருந்து ரிப்பனை எடுத்து அறை வாசலுக்குக் குறுக்கே கட்டி, என் கையில் கத்தரிக்கோலைத் தந்தார்.

"ராத்தா, இது நாளைக்கு அந்தப் பெரியவர் வெட்டுற ரிப்பன்லவா?"

"நாளையக் கதைய நாளைக்குப் பாப்பம். நீ வெட்டுகா."

வெட்டினேன். பெண்கள் உள்ளே வந்து பெரிய போர்வையின் முன் நின்றார்கள். பக்கத்து வீட்டு மச்சி இணைப்பைக் கையால் தடவிப் பார்த்தார். "மூட்டு எங்க இரிக்கெண்டே தெரியல்லயேகா" என்றார். நான் வெள்ளைச் சேலையோடு ஒரு ஓரமாக நின்று அதைக் கேட்டேன்.

மறுநாள் மண்டபத்தில் நடந்ததைச் செல்வமலர் வந்து சொன்னாள். இன்னொரு ரிப்பன் வாங்க யாருக்கும் நினைவில்லை. விடிந்த பிறகுதான் கண்டிருக்கிறார்கள். ராத்தா வெட்டுண்ட இரண்டு துண்டையும் மடித்து வைத்து, போர்வைக்குப் போடுகிற மாதிரியே இரட்டை நூலால் இறுக்கித் தைத்துக் கட்டிவிட்டார். அதிகாரியின் கத்தரிக்கோல் சரியாக அந்த மூட்டில் போய் நின்றது. அவர் அழுத்திப் பார்த்தாராம். வெட்டவில்லை. குனிந்து பார்த்தாராம்.

"இதென்ன, ரிப்பனையும் தச்சா வச்சிருக்கீங்க?"

"ஓம் சேர். எங்கட கண்காட்சியில ஒட்டுப் போடாத சாமான் ஒண்டும் இல்ல. கொஞ்சம் தள்ளி வெட்டுங்க."

செல்வமலர் பாயில் இருந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். என் கணவர் போன பிறகு நான் முதலில் சிரித்ததும் அன்றுதான்.

ஏன் இவ்வளவு பாடுபட்டீர்கள் என்று பிறகொருநாள் அவரிடம் கேட்டேன். தைத்துக்கொண்டே சொன்னார்:

"நான் இத்தா இரிக்கக்குள்ளதான் என்ட தங்கச்சிட கலியாணம் நடந்த. பக்கத்து ஊடுதான். குரவைச் சத்தம் கேட்டுட்டே இரிந்தன். பொண்ண உடுப்பாட்டி முடிச்சி, ஒருக்கா என்னட்டக் கொண்டந்து காட்டியிரிக்கலாம். கெட்ட மனசால இல்ல புள்ள. ஒருத்தருக்கும் நெனவு வரல்ல."

மௌத்தான பிறகு அவரைக் குளிப்பாட்டியபோது நானும் கூட நின்றேன். விரல் நுனிகளில் ஊசி குத்தித் தடித்த தோல் அப்படியே இருந்தது. அல்லாஹ் அவர் அடங்கியிருக்கும் கப்றை விசாலமாக்கி வைக்கட்டும்.

பல்கலைக்கழகத்தில் படிக்கும் என் பேத்தி, இதைத் திருத்தித் தரட்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். ராத்தாவைப் பற்றி எனக்குத் தெரிந்த சொல்லில் சொன்னால் போதும்.

அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது ஒரு பழக்கம். எங்கே கூட்டம் கூடினாலும், வந்தவர்களைப் பார்க்குமுன் யார் வரவில்லை என்று பார்க்கிறேன். அடுத்த மாதம் எங்கள் கண்காட்சி. குழுவில் ஒரு பிள்ளை பிரசவித்து, அந்த நேரம் நாற்பது நாள் கழியாமல் வீட்டில் இருப்பாள். அவள் தைத்த துண்டு இந்த முறைப் போர்வையில் இருக்கிறது. நேற்றே அவளுக்குப் போன் எடுத்துச் சொல்லிவிட்டேன்:

"கண்காட்சிக்கு முதல் நாள் அசருக்குப் பிறகு பின்கதவத் திறந்து வை புள்ள. நாங்க வாறம்."