கதவக்கா அழ மறுத்த படம்

எங்கள் சலவைக்கூடத்தில் அவளுக்குக் கதவக்கா என்று பெயர். ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்பை மடிக்க மற்றவர்களுக்கு இரண்டு ஆள் வேண்டும். அவள் ஒரு ஓரத்தை அலமாரிக் கதவிடுக்கில் கொடுத்துச் சாத்திவிட்டு, மறு ஓரத்தை இழுத்துப் பிடித்து ஒற்றையாளாக மடித்துத் தள்ளிவிடுவாள். இந்த நாட்டுக்கு வந்த புதிதில் கூட நின்று பிடிக்க யாரும் வராததால் கண்டுபிடித்த வித்தை. இப்போது நாங்கள் இரண்டு பேர் மடிப்பதைவிட அவள் வேகம். அதில் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு, இருந்துவிட்டுப் போகட்டும்.

புருஷன் செத்த பிறகு வந்தவள். ஊரிலிருக்கும் அண்ணன் வாராவாரம் போனில் நச்சரிப்பான்: அநாதை மாதிரி அங்கே ஏன் கிடக்கிறாய், வந்து வீட்டோடு இரு என்று. வீட்டோடு இருப்பது என்றால் அண்ணிக்குச் சம்பளமில்லாத வேலைக்காரி. ஏற்கெனவே இருந்து பார்த்தவள்தானே. நான் நன்றாக இருக்கிறேன் என்று சொல்லிச் சொல்லித்தான் அவன் வாயை அடைத்துவந்தாள்.

அந்த நேரம் பார்த்துப் படம் எடுக்க வந்தார்கள். பிழைக்க வந்தவர்களின் தனிமையைப் பற்றிய படமாம். டைரக்டர் அந்த வித்தையைப் பார்த்துச் சொக்கிப்போனார். மறுமுனையில் மனுஷன் இல்லை, கதவுதான் இருக்கிறது, அடடா என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவளே நடிக்கட்டும், விரிப்பை நழுவவிட்டு அதன்மேல் உட்கார்ந்து அழட்டும் என்றார். துவைத்த விரிப்பின்மேல்!

எத்தனை தடவை எடுத்தும் அவள் மடித்து அடுக்கிக்கொண்டே இருந்தாள். தனியாக இருப்பது கஷ்டமாக இல்லையா என்று டைரக்டர் கெஞ்சினார்.

"கஷ்டம்தான் சார். லீவு நாள்ல பேச ஆளில்லாம பைத்தியம் பிடிக்கும். அதுக்காக? நானாத்தானே வந்தேன். அழுது காட்ட மாட்டேன். எங்கண்ணன் இந்தப் படத்தப் பாப்பான்."

கடைசியில் ஒரு நடிகையைக் கொண்டுவந்தார்கள். அவள் விரிப்பைக் கீழே போட்டுச் சத்தமில்லாமல் அழுதாள், நன்றாகவே அழுதாள். நாங்கள் அதை மறுபடி துவைத்தோம்.

படம் வந்தது. எங்கள் கூடத்தில் எடுத்தது என்று கதவக்கா சொல்லியிருந்ததால் அண்ணன் தேடிப்பிடித்துப் பார்த்துவிட்டான். சாப்பாட்டு வேளையில் போன். உன் கதி இதுதானா, டிக்கெட் போடுகிறேன், கிளம்பு என்று அவன் கத்தியது எங்களுக்கே கேட்டது. அவள் வாயிலிருந்ததை நிதானமாக மென்று விழுங்கினாள்.

"அது நடிகைண்ணா. அழுறதுக்கு அவளுக்குச் சம்பளம். நான் எதுக்கு ஓசியில அழணும்? டிக்கெட்டெல்லாம் போடாத. நான் வரலை."